ஆச்சி முதல் பேரன் வரை ஒரே பாயில்: கோட்நேம்ஸைத் தமிழில் ஆடியவர்கள் இருக்கிறீர்களா?

#1 பொதிகைச்சாரல்

பொங்கலுக்கு அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டில் 11 பேர் கூடுகிறோம். மூத்தவள் ஆச்சி, 81 வயது. இளையவன் அக்கா மகன், 12 வயது. எல்லாரும் சேர்ந்து ஆடுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று போன தீபாவளிக்கே கோட்நேம்ஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். சரியாக வரவில்லை. அதனால்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்கு ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 25 சொல் அட்டைகளை ஐந்துக்கு ஐந்தாக விரிக்க வேண்டும். இரண்டு அணி. அணிக்கு ஒருவர் குறிப்பு சொல்பவர். எந்தச் சொல் யாருடையது என்ற வரைபடம் அந்த இருவருக்கு மட்டும்தான் தெரியும். முதலில் தொடங்கும் அணிக்கு 9 சொல், அடுத்த அணிக்கு 8, யாருக்கும் சேராதவை 7, மிச்சம் ஒன்று கொலையாளி. அதைத் தொட்டால் ஆட்டம் அப்போதே தோல்வி. குறிப்பு என்பது ஒரே ஒரு சொல், கூடவே ஓர் எண். ‘கடல், 2’ என்றால் கடலோடு தொடர்புள்ள இரண்டு சொற்கள் விரிப்பில் இருக்கின்றன, கண்டுபிடியுங்கள் என்று அர்த்தம். அவ்வளவுதான்.

தீபாவளியன்று ஆங்கில அட்டைகளை விரித்து, ஒவ்வொன்றையும் ஆச்சிக்கு நான் வாயால் மொழிபெயர்த்தேன். பத்து நிமிடம் பொறுமையாக இருந்தாள். அப்புறம் “நீங்க ஆடுங்க, நான் பாக்கேன்” என்று எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். காலையில் காபி ஆறுவதற்குள் பேப்பரில் குறுக்கெழுத்தை முடிக்கிறவள் அவள். அவளுக்கு வராத ஆட்டம் இல்லை இது. நான் விரித்த விதத்தில்தான் எதோ கோளாறு.

தமிழில் அட்டை செய்து ஆடியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எந்த மாதிரிச் சொற்களை எழுதினீர்கள்?

#2 கூடல்நகர்

மொழிபெயர்க்கவே கூடாது. நாங்களும் அதே தப்பைச் செய்துதான் கற்றுக்கொண்டோம்.

ஆங்கிலப் பெட்டியில் இருக்கிற 400 சொற்களில் பலவற்றுக்கு இரண்டு மூன்று அர்த்தம் உண்டு. ஆட்டத்தின் உயிரே அதுதான். ‘ஸ்பிரிங்’ என்று ஓர் அட்டை வந்தால் ஆங்கிலத்தில் அது வசந்தம், நீரூற்று, சுருள்கம்பி மூன்றும். தமிழில் எதை எழுதினாலும் மற்ற இரண்டும் செத்துப்போகும். ‘மவுஸ்’ எலியாகிவிட்டால் கம்ப்யூட்டர் போச்சு. ஆச்சி எழுந்து போனதில் ஆச்சரியமே இல்லை. நீங்கள் அவளுக்குக் கொடுத்தது பாதி அட்டை.

தமிழிலேயே தொடங்குங்கள். தோண்டத் தோண்ட வருகிற மொழி இது. கொடி: பறப்பது, படர்வது, துணி காயப்போடுவது. கரை: ஆற்றங்கரை, சேலைக்கரை, காக்கை கரைவது, உப்பு கரைவது. பட்டம்: வானத்தில் விடுவது, கல்லூரியில் வாங்குவது, நடிகருக்குக் கொடுப்பது. மணி: கோயிலில், கடிகாரத்தில், கழுத்தில். ஓடு, அடி, நூல், பொறி, மடி, குழல், ஆறு, மாலை, நகை, வேங்கை. ஒரு மாலைப்பொழுதில் உட்கார்ந்து எழுதினால் 100 சொல் தேறிவிடும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் ‘வங்கி’ என்று எழுதிவிட்டு, இதற்குப் பணம் என்ற ஒரே அர்த்தம்தானே, சப்பென்று இருக்கிறதே என்று எடுத்துவிடப் போனேன். அம்மா தடுத்தார். “தோளுக்குக் கீழே போடுவோமே, அந்த வங்கி?” அவர் கல்யாணப் படத்தில் கையில் இருக்கிற நகை. நாற்பது வருஷமாக அந்தப் படத்தைச் சுவரில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதன் பெயர் எனக்குத் தெரியாது. அன்றைக்கு அட்டை அப்படியே இருந்துவிட்டது. ‘கல்யாணம், 3’ என்று அம்மா குறிப்பு சொன்னபோது மாலை, தட்டு, அப்புறம் வங்கி.

#3 சுண்டிக்குளிப்பறவை

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். எங்கட வீட்டில் பிரச்சினை வேறு. பிள்ளைகள் தமிழ் கதைப்பார்கள், வாசிக்க மாட்டார்கள். அம்மம்மா தமிழ் வாசிப்பா, ஆங்கிலம் மட்டுமட்டு. ஆகவே 2016இல் வந்த படப் பதிப்பை வாங்கினோம். அதில் சொல்லே இல்லை. 20 படங்களை ஐந்துக்கு நான்காக அடுக்கவேணும். குறிப்பை மட்டும் தமிழில் சொல்லவேணும் என்று வீட்டுச் சட்டம் போட்டோம். நல்லாகவே போகிறது. சின்னப் பிள்ளை ஒரு குறிப்புச் சொல்லுவதற்காக “தாயே, இதுக்குத் தமிழில் என்ன?” என்று அம்மம்மாவின் காதில் கேட்கும். அவ எதிரணியாக இருந்தாலும் சொல்லிக் கொடுப்பா.

கூடல்நகர் சொன்ன மாதிரித் தமிழ்ச் சொல் அட்டையும் செய்து பெரியவர்கள் மட்டும் ஆடினோம். அங்கே நடந்ததைக் கட்டாயம் சொல்லவேணும். என் தம்பி மனைவி கோயம்புத்தூர். தமிழ் இலக்கியம் படித்தவ. அம்மம்மா குறிப்புச் சொன்னா: “பாண், 2.” எங்களுக்கு யோசிக்கவே தேவையில்லை. பாண் சுடுகிற அடுப்பான போறணை ஒன்று, அச்சு ஒன்று. அச்சுப்பாண் தின்று வளர்ந்த ஆட்கள் நாங்கள். ஆனால் விரல் வைக்கும் முறை தம்பி மனைவிக்கு. அவ நேரே ‘யாழ்’ அட்டையில் வைத்தா. பாண் என்றால் பாணர், பாணர் என்றால் யாழ், அதோடு யாழ்ப்பாணத்து ஆள் சொன்ன குறிப்பு! அவவுடைய கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அது எதிரணியின் அட்டை.

அம்மம்மா கோபிக்கவில்லை. “அவள் சொன்னதும் சரிதான், எனக்கெல்லோ இது தோன்றவில்லை” என்றா. அடுத்த நாள் பாண் வாங்கும்போது தம்பி மனைவிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே போனா. எங்கட ஊரில் பாண் என்பது பிரெட், ரொட்டி என்பது வேறு.

#4 நாட்டுச்சோளம்

எல்லாரும் பெட்டி வாங்கிய கதையைச் சொல்கிறீர்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீங்கள் எவ்வளவு பெரிய எழுத்தில் அட்டை அடித்தாலும் அவருக்கு அது கோடுதான். ஆனால் குறிப்பு கொடுத்துக் கண்டுபிடிக்க வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ‘ஆயிரம் தச்சர் கூடி அழகாகக் கட்டிய மண்டபம், ஒருவன் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம்’ என்பார். ராத்திரி களத்தில் படுத்துக்கொண்டு நாங்கள் எட்டுப் பேர் மண்டையை உடைத்துக்கொள்வோம். தேன்கூடு என்று ஒருத்தன் சொல்லும்வரை விடமாட்டார். ‘காட்டிலே பச்சை, கடையிலே கருப்பு, வீட்டிலே சிவப்பு’ என்பதற்குக் கரி என்று நான் சொன்னபோது எனக்கு ஏழு வயது. இன்றைக்கும் அந்த இடம், அந்தக் கட்டில், எல்லாம் நினைவிருக்கிறது.

விடுகதை என்கிறோம், தெற்கே அழிப்பாங்கதை என்பார்கள், ஈழத்தில் நொடி. தொல்காப்பியம் இதற்குப் ‘பிசி’ என்று பெயர் வைத்து, செய்யுள் வகையிலேயே சேர்த்திருக்கிறது. இவ்வளவு நாள் கையில் இருந்ததை விட்டுவிட்டு அட்டை எதற்கு?

#5 பொதிகைச்சாரல்

நாட்டுச்சோளம், தப்பாக எடுக்கவில்லை. உங்கள் அப்பாயியைப் பற்றி எழுதியது மனதில் நின்றது. எங்கள் ஆச்சியிடமும் அழிப்பாங்கதை நிறைய உண்டு.

ஆனால் ஒரு வித்தியாசம் பார்க்கிறேன். விடுகதையில் விடை போடுகிறவருக்கு எப்போதும் தெரியும், கேட்கிறவருக்குத் தெரியாது. இரண்டாம் தடவை கேட்டால் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். தேன்கூடு தேன்கூடுதான். எங்கள் பையன் ஒரு தடவைகூட ஆச்சிக்குப் புதிர் போட முடிந்ததில்லை, அவன் எடுத்துவிடுவதெல்லாம் அவளுக்கு முன்பே தெரியும். அட்டை ஆட்டத்தில் விரிப்பு ஒவ்வொரு தடவையும் புதிது. ஆச்சிக்கு எது தெரியும், எது தோன்றும் என்று பையன் யோசித்தாக வேண்டும். எனக்கு அதுதான் வேண்டும்.

படிக்கத் தெரியாதவர்கள் விஷயம் நியாயமானது. அதற்குப் படப் பதிப்பைத்தான் பறவை சொல்லியிருக்கிறார்.

இன்னொரு கேள்வி. குறிப்பு ‘ஒரே சொல்’ என்பதைத் தமிழில் எப்படி முடிவு செய்கிறீர்கள்? மழைக்காலம் ஒரு சொல்லா, இரண்டா?

#6 கூடல்நகர்

ஒரே மூச்சில் சொல்லி, எழுதும்போதும் சேர்த்து எழுதுவதாக இருந்தால் ஒரு சொல். மழைக்காலம் செல்லும். ‘மழை பெய்யும் காலம்’ செல்லாது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. தமிழ் வினைச்சொல்லுக்குள் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, எப்போது என்பதெல்லாம் அடங்கிவிடும். என் பெண் ‘ஆடினாள்’ என்று குறிப்பு சொல்லி, நடனம், ஊஞ்சல், ராணி மூன்றையும் எடுக்க வைத்துவிட்டாள். ‘ஆள்’ விகுதியில் ராணியை ஒளித்துவைத்திருக்கிறாள். புத்திசாலித்தனம்தான், ஆனால் அதை விட்டால் ஒரு சொல்லில் ஒரு வாக்கியம் போய்விடும். அதனால் எங்கள் வீட்டில் குறிப்பு பெயர்ச்சொல்லாக இருக்க வேண்டும், அல்லது ஆடு, ஓடு மாதிரி மொட்டையான வினையாக இருக்க வேண்டும்.

#7 உப்புக்காற்று

நாங்கள் அடித்துக்கொண்டது கடலைக்கு. விரிப்பில் ‘கடல்’ இருக்கிறது. என் மச்சான் ‘கடலை, 2’ என்கிறான். வண்டியும் உருண்டையும் அவன் மனதில். விரிப்பில் கண்ணுக்குத் தெரிகிற சொல்லையோ அதன் வேறு வடிவத்தையோ குறிப்பாகச் சொல்லக் கூடாது என்பது விதி. கடல் + ஐ கடலையா, தின்கிற கடலையா? இருபது நிமிடம் போனது.

பெட்டியோடு வருகிற விதியே இதற்கு வழி வைத்திருக்கிறது: சந்தேகமான குறிப்பை எதிரணியின் குறிப்பு சொல்பவர் ஒத்துக்கொண்டால் செல்லும். அவரிடம் மெல்லக் கேட்டுவிட்டுச் சொன்னால் சண்டையே வராது.

காதால் கேட்கும் பிரச்சினையும் உண்டு. எங்கள் தாத்தா ‘பல்லி’ என்றார், பையன் ‘பள்ளி’ என்று கேட்டு கரும்பலகையைத் தொட்டான். இப்போதெல்லாம் குறிப்பைச் சொன்ன பிறகு ஒரு சிலேட்டில் எழுதியும் காட்டுகிறோம். காது மந்தமானவர்களுக்கும் அது உதவியாக இருக்கிறது.

ஆங்கிலச் சொல் குறிப்பாகச் செல்லுமா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் அளவுகோல் தாத்தாதான். தாத்தா வாயில் தினமும் வருகிற சொல்லெல்லாம் தமிழ்: பஸ், டார்ச், பிளாஸ்க், டிக்கெட். அவர் வாயில் வராதது செல்லாது.

#8 மஞ்சள்பை

அட்டை செய்வதில் என் அனுபவம். பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுங்கள். பின்பக்கம் வெறுமையாக, நல்ல கனமாக இருக்கும். ஒரு பத்திரிகையில் ஆறு அட்டை வரும். கறுப்பு மார்க்கரில், ஒரு விரல் உயரத்துக்கு எழுத்து. பளபளப்பு அட்டை வேண்டாம். கண் புரை உள்ளவர்களுக்கு டியூப்லைட் வெளிச்சம் அதில் பட்டுக் கூசும். என் மாமியார் சொல்லித்தான் எனக்கு இது தெரிந்தது. அதுவரை அவர் அட்டையைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொள்வதை நான் சலிப்பு என்று நினைத்திருந்தேன்.

கண்டுபிடித்த சொல்லை மூடுவதற்கு நாங்கள் பெட்டியில் வந்த சிவப்பு, நீல அட்டைகளை வைப்பதில்லை. ஓர் அணிக்குப் புளியங்கொட்டை, இன்னோர் அணிக்குச் சோழி. வயதான கைக்குச் சின்ன அட்டையை எடுத்து வைப்பதைவிட இது சுலபம், பல்லாங்குழி ஆடிய விரல்கள் அவை. யாருக்கும் சேராத சொல்லுக்கு ஒரு காசு. கொலையாளிக்குக் கரித்துண்டு. மாமியார் அதை ‘எமன் அட்டை’ என்றுதான் சொல்வார், இப்போது எங்கள் தெருவில் ஆடுகிற எல்லாருக்கும் அது எமன்தான்.

பெட்டியில் வருகிற 40 வரைபட அட்டைகளில் எழுத்தே கிடையாது, நிறம் மட்டும்தான். அதனால் அவற்றை அப்படியே பயன்படுத்தலாம்.

மணல் கடிகாரத்தைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

#9 தாமிரக்குடம்

11 பேர் என்கிறீர்கள். கோட்நேம்ஸில் நான்கைந்து பேர் ஓர் அணியில் இருந்தால் இரண்டு பேர்தான் பேசுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை. எங்கள் வீட்டில் ஜஸ்ட் ஒன் இதைவிட நன்றாகப் போகிறது. 2016இல் ஜெர்மனியின் ஆண்டு விளையாட்டு விருதைக் கோட்நேம்ஸ் வாங்கியது, 2019இல் அதே விருதை இது வாங்கியது. அணியே கிடையாது, எல்லாரும் ஒரே பக்கம். ஒருவர் கண்டுபிடிக்க வேண்டும், மற்ற ஒவ்வொருவரும் ரகசியமாக ஒரே ஒரு குறிப்பு எழுத வேண்டும். இரண்டு பேர் ஒன்றையே எழுதிவிட்டால் இரண்டும் அழிந்துபோகும். பெட்டியில் 7 பேர் என்றுதான் போட்டிருக்கிறது. நாங்கள் சிலேட்டு வைத்துக்கொண்டு 10 பேர் ஆடுகிறோம்.

சொல் ‘வேப்பமரம்’. கண்டுபிடிக்க வேண்டியவர் தாத்தா, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். நாங்கள் ஒன்பது பேர் எழுதினோம். நான்கு பேர் கசப்பு, மூன்று பேர் நிழல். எல்லாம் போச்சு. மிச்சம் பெரியம்மா எழுதிய ‘அம்மன்’, சித்தப்பா எழுதிய ‘குச்சி’. தாத்தா கண்ணைத் திறந்து இரண்டு சிலேட்டையும் பார்த்தார். “வேம்பு.” அவ்வளவுதான். கல்லூரி படிக்கிற என் தங்கை, “குச்சிக்கும் வேப்பமரத்துக்கும் என்ன?” என்று கேட்டாள். தாத்தா சிரித்துக்கொண்டே பல்லைக் காட்டினார். 78 வயதில் ஒரு பல்கூட விழவில்லை.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இங்கே உதவாது. வீட்டில் ஒருவருக்கு மட்டும் தோன்றுவதுதான் உதவும். வயது வித்தியாசம் அதிகமாக இருக்கிற வீட்டுக்கு இதைவிட ஏற்ற ஆட்டம் எனக்குத் தெரியவில்லை.

#10 அரசமரத்தடி

அணி பிரிப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பெரியவர்கள் ஒரு பக்கம், சின்னவர்கள் ஒரு பக்கம் என்று பிரிக்கவே பிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் அப்படிப் பிரித்து, சின்னவர்கள் வரிசையாக ஜெயித்து, கடைசியில் மாமா ஒருவர் சாப்பிடாமல் கிளம்பிப் போனார். “வயசானவங்களுக்கு மூளை வேலை செய்யாதுன்னு காட்டத்தானே கூப்பிட்டீங்க” என்றார். அப்படி யாரும் நினைக்கவில்லை. ஆனாலும் அவருக்கு அப்படிப் பட்டுவிட்டது, அதைச் சமாதானம் செய்ய இரண்டு மாதம் ஆனது. எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

தாத்தா பாட்டி ஒருவரும் பேரன் பேத்தி ஒருவரும் ஒரே அணியில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். குறிப்பு சொல்கிற வேலையும் ஜோடியாகச் செய்யலாம். இரண்டு பேரும் வரைபடத்தைப் பார்த்துக் காதோடு காதாகப் பேசி ஒரு சொல்லை முடிவு செய்யட்டும்.

#11 மாடிவீட்டு முல்லை

கூட்டம் இல்லாத வீட்டுக்கு ஒன்று சொல்கிறேன். அம்மா போன பிறகு நானும் அப்பாவும் மட்டும்தான். எங்களுக்குக் கோட்நேம்ஸ் டூயட். அதில் எதிரணி கிடையாது, இரண்டு பேரும் சேர்ந்து 15 சொற்களைக் கண்டுபிடிக்க வேண்டும். வரைபடத்துக்கு இரண்டு பக்கம், என் பக்கம் எனக்கு, அவர் பக்கம் அவருக்கு. மாறி மாறிக் குறிப்பு. மொத்தம் 9 சுற்றுதான்.

அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. ஒரு நாள் வெகுநேரம் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அம்மா, 3” என்றார். தாய் என்ற பொருளில் தேடினால் விரிப்பில் ஒன்றுமே இல்லை. நான் குடையைத் தொட்டேன். வெயிலோ மழையோ அம்மா குடை இல்லாமல் வாசல் தாண்டியதில்லை. சரி. வானொலியைத் தொட்டேன். சரி. மூன்றாவது கிடைக்கவில்லை. ஏணி என்று இருந்தது, அதை நான் தொடவில்லை. சுற்று முடிந்ததும் கேட்டேன். கல்யாணமான புதிதில் அம்மா மாமரத்தில் ஏணி போட்டு ஏறிக் காய் பறித்ததை ஊரே வந்து பார்த்ததாம். எனக்குத் தெரியவே தெரியாத விஷயம்.

#12 பொதிகைச்சாரல்

பொங்கல் முடிந்து ஊரிலிருந்து திரும்பிவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன். நீளமாகத்தான் வரும்.

மஞ்சள்பை சொன்னபடி கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி 120 அட்டை செய்தேன். புளியங்கொட்டை, சோழி இரண்டும் ஆச்சியின் பல்லாங்குழிப் பெட்டியிலிருந்தே கிடைத்தன. போகி அன்று ராத்திரி, கூடத்தில் பாய் விரித்து ஆரம்பித்தோம். 25 சொல்லையும் முதலில் ஒரு தடவை சத்தமாக வாசித்தேன், பாதியில் இன்னொரு தடவை. ஆச்சியும் அக்கா மகனும் ஒரே அணி.

முதல் சுற்றில் ஆச்சி குறிப்பு சொன்னாள்: “சனி, 2.” பையன் யோசிக்கவே இல்லை. ‘விடுமுறை’ மேல் கையை வைத்தான். எமன். ஆட்டம் அங்கேயே முடிந்தது. ஆச்சி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சனிக்கிழமைன்னா எண்ண தேச்சுக் குளிக்கதுல்லா?” எண்ணெய் ஒன்று, காகம் ஒன்று, அவள் கணக்கு. பையனுக்கு இரண்டுமே எட்டவில்லை. அவனுக்குச் சனிக்கிழமை என்றால் ஸ்கூல் இல்லாத நாள். யார் மேலும் தப்பில்லை. ஆச்சி சோழியைக் கையில் உருட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். மறுபடியும் அடுக்களைக்குப் போய்விடுவாளோ என்று எனக்குப் பயம். போகவில்லை. “இன்னொண்ணு போடு” என்றாள்.

அடுத்த சுற்று. அவளுடைய குறிப்பு: “நெல், 4.” நான்கா என்று எதிரணியில் எல்லாரும் நிமிர்ந்தார்கள். பையன் ‘கதிர்’ எடுத்தான். சரி. அப்புறம் நின்றுவிட்டான். விரிப்பில் படி, தாள், பால், கிளை, வலை என்று கிடந்தன. அவனுக்குப் படி என்றால் மாடிப்படி, இல்லாவிட்டால் ‘படி படி’ என்று அவன் அம்மா சொல்வது. தாள் என்றால் பேப்பர். ஆச்சி வாயைத் திறக்கக் கூடாது, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா அவன் அணிதான், அவர்தான் எடுத்துக் கொடுத்தார்: “நெல்ல எதுல அளப்பா?” பையன் உள்ளே ஓடினான். அரிசிப்பானைக்குப் பக்கத்தில் கிடந்த பித்தளைப் படியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். ‘படி’ சரி. தாள் சித்தப்பாவே எடுத்தார், அறுப்பு முடிந்த பிறகு வயலில் நிற்பது தாள்தான். நான்காவது பால். அதற்குச் சித்தப்பாவுக்கும் கொஞ்ச நேரம் ஆனது. கதிர் முற்றுவதற்கு முன் உள்ளே பால் பிடிக்கும், நகத்தால் கீறினால் வெள்ளையாக வரும். நான்கும் ஆச்சியுடையது.

மறுநாள் காலையில் இரண்டு பேரையும் காணோம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயலில் நிற்கிறார்கள். அவன் கையில் தாள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். மாட்டுப்பொங்கல் அன்று பையன் குறிப்பு சொல்கிற முறை. “கம்ப்யூட்டர், 3” என்றான். எலி, சன்னல், மேகம் அவன் மனதில். ஆச்சி ‘பெட்டி’யைத் தொட்டாள். போஸ்ட் ஆபீஸில் அவள் பார்த்த கம்ப்யூட்டர் ஒரு பெட்டிதானே. அது எதிரணிக்குப் போனது. அடுத்த முறை வந்தபோது அவன் அவசரப்படவில்லை. வரைபடத்தைப் பார்க்கிறான், ஆச்சி முகத்தைப் பார்க்கிறான், மறுபடி வரைபடத்தைப் பார்க்கிறான். இரண்டு நிமிடம் இருக்கும். நல்லவேளை, மணல் கடிகாரம் பெட்டியில் கிடந்தது. “பூனை, 2.” ஆச்சி எலியைத் தொட்டாள். கையை எடுக்காமலே, அடுத்த விரலால் ‘மதில்’. மதில்மேல் பூனையை இவன் பள்ளிக்கூடத்தில் மரபுத்தொடர் பாடத்தில் படித்தானாம். ஆச்சி அவன் தலையைத் தடவினாள்.

ஜஸ்ட் ஒன் சொன்ன தாமிரக்குடத்துக்கு: அதையும் சிலேட்டு வைத்து ஒரு ராத்திரி ஆடினோம். 11 பேருக்கு அது உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆனால் ஆச்சி மறுநாள் கேட்டது பாய் விரிக்கிற ஆட்டத்தைத்தான்.

#13 நாட்டுச்சோளம்

வயலில் தாளோடு நின்ற பையனைப் படித்ததும் என் பேச்சைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். அப்பாயிக்கு ஆடுவதற்குப் படம் வரைந்து அட்டை செய்ய என் பெண் உட்கார்ந்திருக்கிறாள். முதல் அட்டை தேன்கூடு.

#14 கூடல்நகர்

அந்த 120 சொல்லையும் இங்கே போட முடியுமா? எங்கள் மூட்டையோடு சேர்த்துக்கொள்கிறேன்.

#15 பொதிகைச்சாரல்

போடுகிறேன், தட்டச்சு செய்ய இந்த வாரக் கடைசி ஆகும். இப்போதைக்கு இது.

கிளம்புகிற அன்று ஆச்சி என்னிடம் ஒரு கட்டைக் கொடுத்தாள். தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். பின்பக்கத்தில் தாளுக்கு ஒரு சொல்லாக, பென்சிலில் எழுதியிருந்தாள்: உறி, குதிர், சுளகு, திரிகை, மரக்கால், மடை, நாற்று, களம், தொழுவம், பரண், மத்து, அரிக்கன் விளக்கு. “அடுத்த தடவைக்கு” என்றாள். பையன் அதைப் பார்த்துவிட்டு அவன் பங்குக்கு எழுதிச் சேர்த்தான்: சார்ஜர், பாஸ்வேர்டு, லிஃப்ட், ஹெல்மெட், ரிமோட்.

#16 மஞ்சள்பை

உறியும் லிஃப்டும் ஒரே அணியில் வந்தால் என்ன குறிப்பு சொல்வீர்கள்?

#17 பொதிகைச்சாரல்

பையனிடம் கேட்டேன். “கயிறு, 2” என்றான். ஆச்சிக்குப் போன் போட்டுச் சொன்னால், “லிஃப்டுல கயிறு எங்க இருக்கு? நான் ரெண்டு தடவ ஏறியிருக்கேன், காணலயே” என்கிறாள். வீடியோ காலில் காட்டுகிறேன் என்று அவன் இப்போதுதான் வாட்ச்மேனிடம் கேட்கக் கீழே இறங்கிப் போயிருக்கிறான்.